பதினோரு அடிக் கடையில் டெக்னோ

எங்கள் கடையின் அகலம் 11 அடி. செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற கொல்லம் ரோட்டில், ஒரு பஞ்சர் கடைக்கும் வைக்கோல் கமிஷன் கடைக்கும் நடுவில் இருக்கிறது. முன்னால் ஷட்டர், பின்னால் சுவர், இரண்டு ஓரமும் ஆம்ப்ளிஃபயர், கூம்புக் குழாய் ஸ்பீக்கர், வயர்ச் சுருள், ஸ்பீக்கர் பெட்டிகள். நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வழி. அந்த வழியில் நின்றுகொண்டு எதைப் போட்டாலும் அடித்தாளம் காணாமல் போய்விடும். நகர்ந்து சுவரோரம் போனால் அதே தாளம் நெஞ்சில் வந்து முட்டும்.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நொடிக்கு 50 தடவை அதிர்கிற பேஸ் (அடித்தாள) அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதில் பாதி, கிட்டத்தட்ட நம் கடையின் அகலம். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையே பாதி அலை வாகாக உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் செத்துக் கிடக்கும், ஓரத்தில் கொழுக்கும். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன், என் கடைக்கே இந்தக் குணம் உண்டு என்று கண்டுபிடித்தது ஒரு டெக்னோ ரெக்கார்டு, அதாவது மெஷினிலேயே செய்கிற ஆட்ட இசை, கேட்டபோதுதான். நல்ல பாட்டாக இருந்தால் பாட்டிலேயே மனசு போய்விடும், கடையை யார் கவனிப்பது?

எங்களுடையது மைக் செட் குடும்பம். அப்பா காலத்தில் ரேடியோ செட் என்பார்கள். 1978-இல் ஒரு ஆகுஜா ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய், ஒரு கராட் ரெக்கார்டு பிளேயர், மரப்பெட்டி நிறைய இசைத்தட்டு, இதை வைத்து ஆரம்பித்தார். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம். இந்தப் பக்கம் கடையநல்லூர் வரைக்கும், அந்தப் பக்கம் ஆரியங்காவு, கழுத்துருட்டி, தென்மலை வரைக்கும் போவோம். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். எங்கள் தாத்தா மகாராஜாவின் குடிமகனாகப் பிறந்தவர். அதனால் மலைக்கு அந்தப்புறம் போவதை வெளியூர் போவதாக வீட்டில் யாரும் நினைத்ததில்லை. ஒரே வித்தியாசம், இங்கே நான் அண்ணாச்சி, அங்கே சேட்டன்.

டெக்னோ எனக்கு ஷார்ஜாவில் ஒட்டிக்கொண்டது. 2008-லிருந்து ஐந்து வருஷம் அங்கே ஒரு சவுண்ட் வாடகைக் கம்பெனியில் பெட்டி தூக்கினேன். வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் எந்த ஹாலுக்குப் போனாலும் முதலில் ஒரே டிராக்கைத்தான் போடுவார். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஒரே ஸ்வரக்கூட்டு, அதன் பின்னால் மழைச் சத்தம் மாதிரி ஒரு இரைச்சல், அடியில் ஒரு குத்து. போட்டுவிட்டு ஹாலைச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிடுவார். நானும் பின்னாலேயே போவேன். ஒரு நாள் கேட்டுவிட்டேன், இது என்ன சார், ஒன்றுமே மாறமாட்டேன் என்கிறதே என்று. பாட்டு மாறாமல் இருந்தால்தானே நீ நகரும்போது மாறுவது ஹால்தான் என்று தெரியும் என்றார். தூக்குக்குண்டு ஆடினால் கொத்தனார் எதை வைத்துச் சுவர் பார்ப்பார்?

அந்த டிராக்கைச் செய்தது பேசிக் சேனல். மோரிட்ஸ் வான் ஆஸ்வால்டு, மார்க் எர்னெஸ்டஸ் என்று பெர்லின்காரர்கள் இரண்டு பேர் 1993-இல் தொடங்கியது. அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான், இன்றுவரை இந்த இசையை நான் இடங்களைக் கேட்பதற்குத்தான் பயன்படுத்துகிறேன். ஆடத் தெரியாது. ஆடுகிற இடத்துக்குப் போனதும் இல்லை.

இப்போது சொல்ல வந்தது டிரெசார் என்ற பெர்லின் ரெக்கார்டு லேபிள் இந்தச் சில வருஷங்களில் வெளியிட்டவை பற்றி. டிரெசார் என்றால் ஜெர்மனில் பெட்டகம். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, லைப்சிகர் தெருவில் வெர்ட்ஹைம் என்ற பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நிலவறை லாக்கர் ரூமை டிமிட்ரி ஹேகெமான் என்பவரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்து, 1991 மார்ச்சில் அதைக் கிளப்பாக்கினார்கள். துருப்பிடித்த கம்பிக் கதவு, வரிசையாக லாக்கர்கள், தாழ்வான கூரை. அதே வருஷம் லேபிளும் தொடங்கியது. முதல் தட்டே டெட்ராய்ட்டிலிருந்து வந்த அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் ஆட்களுடையது, எக்ஸ்-101 என்ற பெயரில். அமெரிக்காவில் கார் கம்பெனிகள் கைவிட்ட ஊர், ஜெர்மனியில் பாதியாகக் கிடந்து ஒட்டிக்கொண்ட ஊர், இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் அமைந்துவிட்டது. 2005-இல் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டியதாகி, 2007-இல் ஒரு பழைய மின் நிலையத்துக்கு மாறினார்கள். 2024 மார்ச்சில் ஜெர்மனி தன் கலாச்சார மரபுப் பட்டியலில் பெர்லின் டெக்னோவைச் சேர்த்துக்கொண்டது. இங்கே எங்களுக்கு இரவு பத்து மணி ஆனால் ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது. சரி, அது வேறு கதை.

முதலில் சைலன்சியோ. மோரிட்ஸ் வான் ஆஸ்வால்டு 2023 நவம்பரில் டிரெசாரில் போட்டது. ஷார்ஜாவில் என்னை நடக்கவைத்த அதே ஆள். 2008-இல் பக்கவாதம் வந்து மீண்டவர். இந்தத் தட்டில் அவர் பழைய சிந்தசைசர்களில் முதலில் இசையைச் செய்துகொண்டார். அதை ஃபின்லாந்துக்காரரான யார்க்கோ ரீஹிமாகி என்பவர் மனிதக் குரல் பாடுகிற மாதிரி நோட்டேஷனாக எழுதினார். வோக்கல்கன்சார்ட் பெர்லின் என்ற பாடகர் குழு, 16 குரல், அதைப் பாடியது. பாடினதை மறுபடி மெஷினோடு சேர்த்துப் பின்னியிருக்கிறார்.

முதல் தடவை ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெரிய பெட்டியில் போட்டேன். எது தொண்டை, எது மெஷின் என்று பல இடத்தில் பிரிக்க முடியவில்லை. குரல் ஒரே சுருதியில் நீண்டு நிற்கிறது, மூச்சு விடுகிற இடம் தெரிவதில்லை, பதினாறு பேர் மாற்றி மாற்றி மூச்சு எடுப்பார்களாக இருக்கும். தாளம் எங்கேயோ அடுத்த வீட்டில் அடிப்பது போல அடிக்கிறது. நான் வழக்கம்போல் நடந்தேன். நடுவழியில் பேஸ் செத்தது, குரல் மட்டும் மிச்சம். சுவரோரம் போனால் குரலுக்கு அடியில் தரை முளைக்கிறது.

அடுத்த நாள் ஒரு குறும்பு செய்தேன். அதையே குழாயில் போட்டேன். கூம்புக் குழாய் பற்றித் தெரியாதவர்களுக்கு: அது தூரம் போகும், ஆனால் நொடிக்கு இருநூற்றைம்பது, முந்நூறு அதிர்வுக்குக் கீழே எதையும் உருப்படியாகச் சொல்லாது. பேஸ் மொத்தமாக உதிர்ந்துவிடும். இப்போதெல்லாம் அதற்கு அனுமதி கிடைப்பதே அபூர்வம், கடை வாசலில் ரிப்பேர் பார்க்கும்போது சின்னதாக வைத்துக் கேட்பதோடு சரி. மற்ற டெக்னோ எல்லாம் குழாயில் ஊசி குத்துகிற மாதிரி ஆகிவிடும். சைலன்சியோ மட்டும் பிழைத்தது. தகரத் தொண்டை வழியாக வந்த பதினாறு குரல், ரொம்பத் தூரத்துக் கோயிலிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. எதிர்ச் சாரியில் பூக்கட்டுகிற ஆச்சி ரோட்டைத் தாண்டி வந்து, "என்னய்யா, சர்ச்சுல யாரும் தவறிட்டாவளா?" என்று கேட்டார்கள். இல்லை ஆச்சி, டெஸ்டிங் என்றேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா காலைல போடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தத் தட்டுக்கு நான் படித்த விமர்சனம் எதிலும் இவ்வளவு சரியான வரி இல்லை.

அடுத்தது புதுசு என்று சொல்ல முடியாது, மறுபதிப்பு. டிரெக்ஸியா என்ற டெட்ராய்ட் இரட்டையரின் நெப்டியூன்ஸ் லேயர், 1999-இல் டிரெசாரில் வந்தது. இருவரில் ஒருவரான ஜேம்ஸ் ஸ்டின்சன் 2002-இல் 32 வயதில் இறந்துபோனார். இருபது வருஷம் கழித்து 2022-இல் லேபிள் அதைத் திரும்பப் போட்டது. ஸ்டின்சன் பிழைப்புக்கு லாரி ஓட்டியவர். உயிரோடு இருந்தவரை யார் என்று வெளியே காட்டிக்கொண்டதே கிடையாது.

இவர்கள் ஒரு கதை கட்டினார்கள். அடிமைக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோன கர்ப்பிணிகளைக் கடலில் தூக்கி வீசினார்கள் அல்லவா, அவர்கள் வயிற்றுப் பிள்ளைகள் தண்ணீருக்குள்ளேயே பிறந்து, தண்ணீரையே மூச்சாக்கி, கடலுக்கடியில் ஒரு நாட்டை ஆள்கிறார்கள் என்று. மேற்கத்தியர்கள் இதைப் பெரிய விஞ்ஞானக் கற்பனை என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு கொலையுண்ட பெண் இசக்கியாக நிற்பதும், அவளுக்குக் கொடை எடுப்பதும், அந்தக் கதையை ராத்திரி முழுக்க வில்லில் பாடுவதும், அதற்கு மைக் கட்டுவதும் எங்கள் ஆடி மாசத்து வேலை. அநியாயமாகச் செத்தவர்களைத் தெய்வமாக்கித் தாளம் போடுவது எந்த ஊருக்குப் புதுசோ தெரியாது, எங்களுக்கு இல்லை.

இதை மட்டும் தட்டாகவே வாங்கினேன். தட்டு விலையை விட அனுப்புகிற செலவும் வரியும் எகிறிவிட்டது, வீட்டில் தொகையை இன்றுவரை சொல்லவில்லை. கொண்டுவந்த கூரியர்காரர்கள் பார்சலை ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்திருக்கிறார்கள். உறையைப் பிரித்தால் ஒரு தட்டு அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. புகார் எழுதினேன், பதில் வந்தது, பணம் வரவில்லை. அப்பாவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடிக் கடையிலிருந்து இரண்டு துண்டுக் கண்ணாடி வாங்கிவரச் சொல்லி, நடுவில் தட்டை வைத்து, மேலே பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வைத்தார். பதினைந்து நாள். முக்கால்வாசி படிந்தது.

மிச்சக் கால்வாசி இன்னும் கேட்கிறது. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் சுற்றுகிற தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கும். அந்த 1.8 நொடிக்கு ஒரு தடவை சுருதி லேசாக மூழ்கி எழுகிறது. சாதாரணப் பாட்டில் இது காதைக் கொல்லும். டிரெக்ஸியா கேட்கிறவர்களில் பாதிப் பேர் அது அலையடிக்கிறது என்றே நினைத்துக்கொள்வார்கள். மெஷின் தாளம் இம்மி பிசகாமல் இருப்பதால் பார்சல் வெயிலில் கிடந்த கதை முழுசும் அதன்மேல் அப்படியே பதிந்திருக்கிறது.

இதை நான் அதிகம் கேட்பது புளியரை செக்போஸ்டை ஒட்டி. தட்டிலிருந்து போனில் ஏற்றிக்கொண்டு, வேனில். கேரளாவுக்கு வைக்கோல், காய்கறி, எம்-சாண்ட் ஏற்றிப் போகிற லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது பின்னால் மாட்டிக்கொண்டால் முக்கால் மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். சுற்றிலும் டீசல் இன்ஜின்கள் ஐடிலில் உறுமும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகம். நடுவில் ஒரு லாரி டிரைவர் செய்த தாளம். எப்போதாவது ஒரு இன்ஜினும் அவரும் ஒரே அடியில் சேர்ந்து நாலு சுற்றுப் போய், மறுபடி பிரிவார்கள்.

டெரன்ஸ் டிக்சன் பற்றிச் சொல்ல வேண்டும். இவரும் டெட்ராய்ட். ஃப்ரம் தி ஃபார் ஃபியூச்சர் என்று 2000-இல் டிரெசாரில் ஒரு தட்டு. இரண்டாம் பாகம் 2012-இல். மூன்றாம் பாகம் 2020-இல். பன்னிரண்டு வருஷம், எட்டு வருஷம் என்று ஒருவருக்காகக் காத்திருந்து வரிசையை முடிக்கிற லேபிள் என்பதாலேயே எனக்கு இவர்கள் மேல் மதிப்பு. மூன்றாம் பாகத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உரசாமல் சுற்றுகின்றன. ஒன்று மூன்று அடிக்கு ஒரு தடவை, ஒன்று நாலு அடிக்கு ஒரு தடவை வருகிற மாதிரி. மேளக்காரர்களுக்கு இது தெரிந்த கணக்கு. கேரளப் பஞ்சாரி மேளத்தில் முதல் காலமான பதிகாலம் 96 அட்சரம், அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போய் உச்சத்தில் வெடிக்கும். டிக்சன் அந்தப் பதிகாலத்திலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள். ஏறவும் மாட்டார், இறங்கவும் மாட்டார்.

இவருக்கு ஏற்ற இடம் செங்கோட்டை-புனலூர் ரயில். 1904-இல் போட்ட மீட்டர் கேஜ், 2018-இல் அகலப்பாதை வேலை முடிந்தது. பகவதிபுரம் தாண்டினதும் மலைக் குகைக்குள் வண்டி நுழையும். ஹெட்போன் போடக்கூடாது. போனை ஜன்னல் ஓரத்தில் வைத்துத் திறந்த ஸ்பீக்கரில் விட வேண்டும், பக்கத்தில் ஆள் இல்லாதபோது. வெளியே இருக்கும்வரை டிக்சனின் ஹை-ஹாட் தட்டுச் சத்தம் மட்டும் கொசுவைப் போலக் கேட்கும். குகைக்குள் போனதும் வண்டிச் சத்தம் சுவரில் அடித்துத் திரும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனால் அந்த டிக் டிக் உள்ளே எங்கேயோ போய்க்கொண்டிருப்பது தெரியும். வெளியே வரும்போது எதிர்பார்த்த இடத்தில் அப்படியே நிற்கும். குகை எவ்வளவு நேரம் என்று அடி எண்ணிப் பார்த்தேன், இரண்டு தடவை இரண்டு கணக்கு வந்தது, விட்டுவிட்டேன். கழுத்துருட்டி 13 கண் பாலம் வரும்போது எல்லோரும் செல்ஃபி எடுக்க எழுந்துவிடுவார்கள், அத்தோடு கச்சேரி முடிந்தது.

வாஜீத் என்பவர் டிரெசாரில் போட்ட மெமாயர்ஸ் ஆஃப் ஹை-டெக் ஜாஸ், 2022. நன்றாக இருக்கிறது, எல்லோரும் புகழ்கிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. கீபோர்டு ரொம்பப் பேசுகிறது. நடந்து பார்க்க இடம் கொடுக்காத இசை. 2021-இல் முப்பது வருஷ நிறைவுக்கு டிரெசார் 30 என்று 12 தட்டு, 52 டிராக் கொண்ட ஒரு பெட்டி போட்டார்கள். அந்தக் காசுக்கு நான் ஒரு ஜோடி புது ஸ்பீக்கர் டிரைவர் யூனிட் வாங்கலாம். டிஜிட்டலில் நாலு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் பண்பொழிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடை. கணியான் கூத்துக்கு மைக் எங்களுடையது. மத்தியானமே போய்ப் பெட்டி இறக்கி, சப்-வூஃபரைச் சரிபார்க்க டிக்சன் மூன்றாம் பாகத்தைச் சின்னதாக ஓடவிட்டு, பந்தலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். ஓரத்தில் மகுடம் என்ற தோல்வாத்தியம் அடிக்கிற பெரியவர் வைக்கோல் கொளுத்தி மகுடத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கணியான் கூத்தில் மகுடம் இரண்டு, உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. தோலைத் தீயில் காட்டினால் விறைத்துச் சுருதி ஏறும். இவர் கையில் இருந்தது மந்தம்.

ஒரு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்தார். மறுபடி தீயில் காட்டினார், தட்டினார். நான் இரண்டாவது சுற்று முடித்து வரும்போது கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, ஒம்ம பொட்டியும் என் மந்தமும் ஒரே எடத்துல முட்டுது. நான் ஏத்தவா, நீரு எறக்குதீரா?"

ஷார்ஜா இன்ஜினியரிடம் இதைக் கண்டுபிடிக்க ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் இருந்தன. நான் டிக்சனை நிறுத்திவிட்டு மிக்சரில் அந்தச் சுருதி இடத்தைக் கொஞ்சம் வெட்டினேன். மறுபடி போட்டேன். பெரியவர் அதன்மேலேயே இரண்டு அடி அடித்துப் பார்த்தார்.

"இப்ப சரி. இது என்ன மேளம்?"

அமெரிக்கா, தாத்தா என்றேன்.

"ஆளு அலுக்காம அடிக்கான்," என்று சொல்லிவிட்டு அடுத்த வைக்கோல் பிரியை எடுத்தார்.